குடத்தைச் சோதிக்கிறவர்கள் சாக்கடையைச் சோதிப்பது எப்போது?

கடலூர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவருக்குக் கிருமாம்பாக்கம் என்றால் ஓர் ஏரி, ஒரு மருத்துவக் கல்லூரி, சில டீக்கடைகள். அவ்வளவுதான். ரோட்டை விட்டு இறங்கித் தெருவுக்குள் நடக்கிறவருக்கு வேறு சங்கதிகள் தெரியும். அடைமழை விட்டுப் பத்து நாள் ஆனால் போதும். நடவுக்குப் போக வேண்டிய பெண் போர்வையைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். மில்லுக்கு இரவு ஷிப்டு போக வேண்டியவர் மூட்டு வலியால் கால் ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கும். டெங்குவா, சிக்குன்குனியாவா, வெறும் காய்ச்சலா என்று தெருவெல்லாம் இதே பேச்சாக இருக்கும்.

இதைக் கொசுக்கடி விவகாரம் என்று லேசாகப் பேசுகிறவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது என்று அர்த்தம். தினக்கூலி வாங்குகிறவனுக்கு இது கூலி விவகாரம். பத்து நாள் படுத்தால் பத்து நாள் கூலி போச்சு. ரத்தப் பரிசோதனைக்கு ஒரு செலவு, ஆட்டோவுக்கு ஒரு செலவு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேலைக்குப் போகாமல் நின்றால் அந்தக் கூலியும் போச்சு. காய்ச்சல் இறங்கிய பிறகு பார்த்தால் காதுத் தோடு அடகுக் கடையில் இருக்கும். கடிக்கிற கொசு ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை என்பார்கள். பார்க்காமல் இருக்கலாம். ஆனால் ஜன்னலுக்கு வலை போட்ட மாடி வீட்டில் அது எத்தனை தடவை கடிக்கிறது, சாக்கடை ஓரத்துக் கூரை வீட்டில் எத்தனை தடவை கடிக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வர்க்க பேதம் விளங்கும்.

சரி, காய்ச்சல் வந்துவிட்டது. நிர்வாகம் என்ன செய்கிறது? நம் ஊர்களில் வழக்கமாக இரண்டு காட்சிகள் நடக்கும்.

முதல் காட்சி, புகை. சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் தடதடவென்று சத்தம் கேட்கும். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஒரு வண்டி வரும். பின்னாலேயே குழந்தைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடும். வண்டி பெரிய தெருவோடு போய்த் திரும்பிவிடும். சந்துக்குள் அது நுழையாது, நுழையவும் முடியாது. மறுநாள் பத்திரிகையில் படம் வரும்: போர்க்கால அடிப்படையில் கொசு ஒழிப்பு!

இந்தப் புகையால் என்ன பயன்? பறந்துகொண்டிருக்கிற கொசு மேல் பட்டால் சாகும். பயன் அதோடு சரி. டெங்குக் காய்ச்சலைப் பரப்புகிற ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது. மற்ற நேரத்தில் வீட்டுக்குள்ளே கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்குகிற துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. தெருவில் போகிற புகை அங்கே எட்டாது. தண்ணீருக்குள் நெளிகிற புழுவுக்குப் புகை என்றால் என்னவென்றே தெரியாது. முட்டை கொசுவாவதற்கு வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. அந்த முட்டையோ தொட்டியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். இன்றைக்கு அடித்த புகைக்குப் பதில் சொல்ல அடுத்த வாரம் புதுப்பட்டாளம் கிளம்பிவிடும். காய்ச்சல் கொத்தாகப் பரவும்போது உடனடியாகக் கொஞ்சம் தணிப்பதற்குத்தான் புகை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அவசரத்துக்கு வைத்திருக்கிற ஆயுதத்தையே நம் ஆட்கள் முழு யுத்தமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு ஏன் புகை அடிக்கிறார்கள்? புகை எல்லோர் கண்ணிலும் படுகிறது. சாக்கடைக்கு வாட்டம் பார்த்துக் கட்டுவது யார் கண்ணிலும் படுவதில்லை. சங்கதி இவ்வளவுதான்.

இரண்டாவது காட்சி, சோதனை. கையில் டார்ச்சும் நோட்டுப் புத்தகமுமாகச் சுகாதார ஊழியர் வீட்டுக்குள் வருவார். டிரம்மைத் திறந்து பார்ப்பார். குடத்தைச் சாய்த்துப் பார்ப்பார். ஆட்டுக்கல் குழி, கோழிக்கு வைத்த கொட்டாங்கச்சி, கூரை மேல் கிடக்கும் பழைய டயர் எல்லாவற்றையும் பார்ப்பார். புழு இருந்தால் அபேட் மருந்தை ஊற்றிவிட்டு, இனிமேல் இப்படி வைக்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போவார். சென்னை போன்ற நகரங்களில் புழு கண்டால் அபராதமே போட்டிருக்கிறார்கள்.

இந்த ஊழியர்மேல் நமக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் பத்திரமாகப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டை இடுகிறது. டிரம்மை மூடி வைக்க வேண்டும். வாரம் ஒரு நாள் கவிழ்த்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். நம் வீட்டில் நாம் செய்ய வேண்டிய காரியம் இது. சங்கத்தில் இருக்கிற தோழர்கள்கூட இதில் அசிரத்தையாக இருக்கிறார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கூட்டத்தில் ஏகாதிபத்தியத்தை வெளுத்து வாங்குகிறவர் வீட்டுக் கொல்லையில் டயரில் புழு நெளிந்தால் அது அவர் குற்றமே.

ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். அந்தப் பெண் ஏன் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கிறாள்? ஆசைக்கா? குழாயில் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் தண்ணீர் வருகிறது. அந்த நேரத்தில் அவள் களையெடுப்பில் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. வீட்டுக் கிணற்று நீரைக் குடிக்கலாம் என்றால், பாகூர் பக்கத்துக் கடலோர ஊர்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக்கொண்டே வருகிறது. ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடல் நீர் உள்ளே வருகிறது. ஆகவே வருகிறபோது பிடித்து வைத்தால்தான் பிழைப்பு. டிரம்முக்கு மூடி? மூடியோடு டிரம் வாங்கக் காசு இருந்தால் அவள் ஏன் பழைய ரசாயன டிரம்மைப் பாதி விலைக்கு வாங்குகிறாள்? டிரம்முக்குள் புழுவைத் தேடுகிறவர்கள் குழாய்க்குள் தண்ணீர் வருகிறதா என்றும் தேட வேண்டாமா?

சாக்கடை விஷயம் இன்னும் வெட்டவெளிச்சம். இரவில் கடிக்கிற கொசு க்யூலெக்ஸ் இனம். யானைக்கால் நோயைப் பரப்புவது இதுதான். தேங்கிய அழுக்கு நீர்தான் இதற்குப் பிறந்த வீடு. சாக்கடையை எந்தக் குடியானவனும் கட்டவில்லை. நிர்வாகம் கட்டியது. ஒப்பந்தக்காரர் பாதித் தெருவரை கட்டிவிட்டுப் பில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். மீதிப் பாதி இல்லாததால் தண்ணீர் போக வழி இல்லை. வடியாத சாக்கடை சாக்கடையே அல்ல. நீளமாகக் கட்டிய கொசுத் தொட்டி. அதற்குப் பக்கத்து வீட்டில் போய்க் குடத்தைச் சாய்த்துப் பார்ப்பதை என்ன சொல்வது! ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பது போல் இருக்கிறது.

சோதனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இதில் குழப்பம் வரக் கூடாது. இன்ஸ்பெக்டர் என்கிற பதவியே தொழிலாளி வர்க்கத்தின் போராட்டத்தோடு பிறந்தது. இங்கிலாந்தில் 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்தான் முதன்முதலில் ஆலைகளைச் சோதிக்க நான்கு இன்ஸ்பெக்டர்களை நியமித்தது. அவர்களில் ஒருவரான லெனார்ட் ஹார்னரை மார்க்ஸ் மனதாரப் பாராட்டுகிறார். ஆலை இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளையும், டாக்டர் சைமன் தயாரித்த பொதுச் சுகாதார அறிக்கைகளையும் வைத்துக்கொண்டுதான் முதலாளிகளின் முகத்திரையை 'மூலதன'த்தில் கிழித்தார். நம் புதுச்சேரியில் 1936 ஜூலை 30-இல் 12 மில் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். அதன் பலனாக அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. சட்டம் வந்தால் போதுமா? அது நடக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும் அல்லவா? ஆகவே சோதனை நமக்கு வேண்டியதே. அது எந்தத் திசையைப் பார்த்து நடக்கிறது என்பதுதான் கேள்வி. மேலே இருக்கிறவனைச் சோதிக்கிறதா, கீழே இருக்கிறவனை மட்டும் உருட்டிப் பார்க்கிறதா?

கீழே இருக்கிறவனை மட்டும் சோதித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பம்பாய்ச் சரித்திரம் சாட்சி. 1896-இல் அங்கே பிளேக் வந்தது. மில் தொழிலாளர்கள் உயிருக்குப் பயந்து ஊருக்கு ஓடினார்கள். சில மாதங்களில் மூன்று லட்சம் பேருக்கு மேல் நகரத்தைக் காலி செய்தார்கள். வெள்ளைக்கார சர்க்கார் 1897-இல் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. பூனாவில் பட்டாளத்துச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை வீதியில் வாரிப் போட்டார்கள்; எரித்தார்கள். பெண்களைச் சோதித்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டைச் சபேக்கர் சகோதரர்கள் சுட்டார்கள். 1898 மார்ச்சில் பம்பாய் நெசவாளர்கள் சோதனையை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். இவ்வளவு அட்டூழியம் செய்தும் பிளேக் நின்றதா? நிற்கவில்லை. அதே 1898-இல்தான் கராச்சியில் சைமன்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியின் மேல் இருக்கிற தெள்ளுப் பூச்சியே பிளேக்கை மனிதனுக்குக் கொண்டுவருகிறது என்று கண்டுபிடித்தார். எலியை விட்டுவிட்டு மனிதனைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்! அந்த 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசு தட்டி 2020-இல் கொரோனாவுக்கும் எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

நூறு ஆண்டுக்குப் பிறகு சூரத். 1994 செப்டம்பரில் பெருமழை, வெள்ளம், அழுகிய குப்பை, எலி, பிறகு பிளேக். ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். விசைத்தறியிலும் வைரப் பட்டறையிலும் வேலை செய்த வெளியூர்த் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் ரயிலேறி ஓடினார்கள். 1995-இல் எஸ்.ஆர்.ராவ் என்ற அதிகாரி மாநகராட்சி ஆணையராக வந்தார். அதிகாரிகளை மின்விசிறிக்கு அடியிலிருந்து கிளப்பித் தினமும் தெருவில் நிற்க வைத்தார். குப்பை அள்ளவில்லையென்றால் அந்தப் பகுதிக்கு யார் அதிகாரியோ அவர் பதில் சொல்ல வேண்டும். சுத்தமில்லாத ஹோட்டல்களைப் பெரிய முதலாளி என்றும் பாராமல் பிடித்தார். இரண்டே ஆண்டில் நாறிக்கிடந்த சூரத் நாட்டின் சுத்தமான நகரங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. அதே பணம், அதே சிப்பந்திகள். சோதனையின் திசைதான் மாறியது. அதில் நமக்கு ஒரு குறையும் படுகிறது. ஒரு நல்ல அதிகாரி வந்ததால் நடந்தது. அவரும் மாற்றலாகிப் போனார். ஜனங்களின் சுகாதாரம் ஓர் அதிகாரியின் குணத்தை நம்பி இருக்கலாமா?

சூரத்துக்கு ஏன் போக வேண்டும்? புதுச்சேரியிலேயே உலகம் பார்த்த உதாரணம் இருக்கிறது. இது நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. 1975-இல் புதுச்சேரியில் கொசு முதலிய நோய்பரப்பிகளை ஆராய மத்திய சர்க்கார் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. டாக்டர் பி.கே.ராஜகோபாலன் தலைமையில் அந்த மையத்து விஞ்ஞானிகள் 1981 முதல் 1985 வரை ஐந்து ஆண்டுகள் புதுச்சேரி நகரத்தில் யானைக்கால் நோயை எதிர்த்து ஒரு பெரிய முயற்சி நடத்தினார்கள். பூச்சி மருந்தை அவர்கள் பிரதானமாக நம்பவில்லை. சாக்கடைகளைத் தூர் வாரினார்கள். உடைந்த இடத்தை அடைத்தார்கள். வாட்டத்தைச் சரி செய்தார்கள். தேவையில்லாத குட்டைகளை நிரப்பினார்கள். தூர்ந்த கிணறுகளில் தெர்மோகோல் மணிகளைப் பரப்பிப் புழு மூச்சுவிட முடியாமல் செய்தார்கள். புழுவைத் தின்னும் கம்பூசியா மீனை விட்டார்கள். மாணவர்களையும் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கடலோரக் கிராமங்களில் மலேரியா கண்டபோது, சவுக்குத் தோப்பில் நீர் ஊற்றத் தோண்டிய குழிகள்வரை போய்ப் புழு எடுத்துப் பார்த்தார்கள். புதுச்சேரியில் கொசு மளமளவென்று குறைந்தது. யானைக்கால் பரவுவதும் குறைந்தது. வெளிநாட்டு நிபுணர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதில் புதிய மந்திரம் ஒன்றும் இல்லை. மண்வெட்டி, மட்டப்பலகை, மீன், வாரம் தவறாமல் போய்ப் பார்க்கிற ஆள் இவ்வளவுதான். ஐந்து ஆண்டு முடிந்தது, திட்டம் முடிந்தது. தினசரி வேலையாக அதைத் தொடர வேண்டியது ஸ்தல நிர்வாகம். ஆராய்ச்சி மையம் காட்டிய வழியை நம் கொம்யூன் கிராமங்களுக்கு யார் கொண்டுவந்தார்கள்? யானைக்காலுக்கு நாடெங்கும் 2004 முதல் ஆண்டுக்கு ஒரு தடவை வீடு வீடாக மாத்திரை கொடுத்தார்கள். அது நல்ல காரியம், நோய் நன்றாகவே அடங்கியது. ஆனால் மாத்திரை உடம்பில் இருக்கும் நுண்புழுவைக் கொல்லும். சாக்கடையை ஓட வைக்காது. யானைக்கால் அடங்கிய சாக்கடை ஓரத்திலேயே இன்று வேறு காய்ச்சல் வருகிறது. சிக்குன்குனியா 1964-இல் புதுச்சேரிக்கு வந்தது. 2006-இல் மறுபடி நாடெங்கும் வந்து மூட்டை மூட்டையாகப் பிடித்தது. 2023 செப்டம்பரில் டெங்கு புதுச்சேரியில் உயிர்களையே கொண்டுபோயிற்று. விருந்தாளி பழைய வீட்டுக்கு வழி மறக்கவில்லை.

தொடர்ந்து பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேரியா ஒன்றே போதும். சுதந்திரம் வந்த காலத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடி பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று மதிப்பிட்டார்கள். 1953-இல் தேசியத் திட்டம் வந்தது. டி.டி.டி. அடித்தார்கள். ஊழியர் ஒருவர் முறை வைத்து வீட்டுக்கு வருவார். காய்ச்சல் உண்டா என்று கேட்டு விரலில் ரத்தம் எடுப்பார். வந்த தேதியை வீட்டுச் சுவரில் குறித்துவிட்டுப் போவார். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1965 வாக்கில் நோயாளிகள் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். வெற்றி, வெற்றி என்று கையைத் தளர்த்தினார்கள். கொசுவும் மருந்துக்குப் பழகிக்கொண்டது. 1976-இல் 64 லட்சம் பேர்! இலங்கையிலும் அதே கதை நடந்தது: 1963-இல் நாடு முழுவதும் 17 பேர்தான், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து லட்சம். ஆனால் இலங்கை பாடம் படித்தது. ஊருக்கு ஊர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று ஒருவரை நிரந்தரமாக வைத்து விடாமல் பார்த்து, 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது.

கியூபாவையும் சொல்ல வேண்டும். 1981-இல் அங்கே டெங்கு பரவி மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் படுத்தார்கள். 158 பேர் செத்தார்கள். அதில் 101 பேர் குழந்தைகள். அமெரிக்கா சுற்றி வளைத்து வியாபாரத் தடை போட்டிருந்த சின்ன நாடு அது. ஆயிரக்கணக்கான ஊழியர்களை இறக்கி, தெருத் தெருவாக மக்கள் கமிட்டிகளைச் சேர்த்துக்கொண்டு, சில மாதங்களில் நோயை அடக்கினார்கள். அதற்குப் பிறகும் ஊழியர்களைக் கலைத்துவிடவில்லை. சோஷலிஸ்டு நாடு செய்ததெல்லாம் சரி என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 1958-இல் சீனத் தோழர்கள் எலி, ஈ, கொசுவோடு சிட்டுக்குருவியையும் எதிரிப் பட்டியலில் சேர்த்தார்கள். குருவி போனதும் பயிரைத் தின்னும் பூச்சி பெருகியது. 1960-இல் குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். எதை ஒழிக்க வேண்டும் என்று வயலில் நிற்கிறவனைக் கேட்காமல் மேலே இருந்து உத்தரவு போட்டால் யார் ஆட்சியிலும் கோளாறு வரும்.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். கிருமாம்பாக்கத்துச் சாக்கடை ஓடவில்லை என்றால் யாரைக் கேட்பது? பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தைக் கேட்க வேண்டும். அங்கே நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர் யார்?

இங்கேதான் வயிறு எரிகிறது. பிரெஞ்சுக்காரன் 1880-இல் இந்தப் பிரதேசத்தைக் கொம்யூன்களாகப் பிரித்தான். பாகூரும் வில்லியனூரும் அன்றைக்கே தனிக் கொம்யூன்கள். அந்தத் தேர்தல்களில் நடந்த பித்தலாட்டமும் ரவுடித்தனமும் ஊரறிந்தவை. அதை யாரும் பொற்காலம் என்று சொல்ல வேண்டாம். ஆனாலும் மன்றம் என்று ஒன்று இருந்தது, மேர் என்று ஒருவர் இருந்தார், வாசலில் போய்ச் சத்தம் போட முடிந்தது. சுதந்திர புதுச்சேரியில் என்ன நடந்தது? 1968-இல் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்தது. அதற்குப் பிறகு 38 ஆண்டுகள் நடக்கவில்லை. நீதிமன்றம் இடித்துச் சொன்ன பிறகு 2006-இல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதி குறித்தார்கள். இட ஒதுக்கீட்டில் குளறுபடி, வழக்கு, அதுவும் நின்றது. 1968-இல் முதல் ஓட்டுப் போட்டவர் அடுத்த ஓட்டுப் போடும்போது தாத்தாவாகிவிட்டார்.

அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணை சுகாதாரத்தையும் துப்புரவையும் பஞ்சாயத்தின் பொறுப்பு வகைகளில் வைத்திருக்கிறது. முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. இந்தியாவிலேயே அந்த வகையில் முதல் சட்டம். கொசு வளர விடாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரன் கடமை என்கிறது. வடிகால் போடுவது ஸ்தல ஸ்தாபனத்தின் கடமை என்றும் சேர்த்தே சொல்கிறது. கடமை இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் மன்றம் இல்லாத ஊரில் ஒரு பக்கத்துக் கடமை மட்டும் நோட்டீசாக வருகிறது. மறுபக்கத்துக் கடமையைக் கேட்க நாற்காலியில் ஆள் இல்லை. ஆணையர் மேலே உள்ள இலாகாவுக்குப் பதில் சொல்கிறார். இலாகா மந்திரிக்குப் பதில் சொல்கிறது. தெருவுக்கு யார் பதில் சொல்வது?

கொசு ஒழிப்பிலும் குப்பை வாருவதிலும் வேலை செய்கிறவர்களில் எத்தனையோ பேர் ஒப்பந்தக் கூலிகள், தினக்கூலிகள். தமிழ்நாட்டிலும் வீடு வீடாகக் கொசுப்புழு தேடுகிறவர்கள் தினக்கூலிகளாகவே ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் எடுப்பார்கள், வெயில் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். கொசுப்புழுவைத் தேடக் கற்றுக்கொண்ட கண் ஒரு நாளில் வருவதில்லை. கற்றுக்கொண்டவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த மழைக்குப் புது ஆளை எடுப்பது, கதிர் முற்றியதும் வரப்பை வெட்டிவிடுவது போன்ற புத்திசாலித்தனம். வெறும் கையோடும் வெறும் காலோடும் சாக்கடையில் இறங்குகிறவர், துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு மருந்துப் புகைக்கு நடுவில் நிற்கிறவர் - இவர்களும் நம் தோழர்கள். நம் வீட்டுக்கு வருகிற சோதனைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் அவருடைய கூலி எவ்வளவு என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும்.

எலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வந்தால் வளையை விட்டு எலி வெளியே வரும். எலியின் மூத்திரம் கலந்த சேற்றில் காலில் வெடிப்போடு இறங்குகிற விவசாயத் தொழிலாளிக்கு எலிக்காய்ச்சல் வரலாம். முதலில் சாதாரணக் காய்ச்சல், தசைவலி போல இருக்கும். முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகம் பாதிக்கும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தார்கள். நம் பக்கத்தில் வெள்ளம் வடிந்தால் நிவாரணத் தொகையைப் பற்றித்தான் பேச்சு. அது வேண்டியதே. ஆனால் நடவுக்கு இறங்குவதற்கு முன் அந்த மாத்திரையும் வரப்புக்கு வர வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் கேட்க வேண்டும். சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சல் கண்டால், மருத்துவரிடம் முதல் வார்த்தையாக நாம் வயலில் வேலை செய்தவர் என்று சொல்ல வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கொம்யூனுக்கும் கிராமப் பஞ்சாயத்துக்கும் தேர்தல் நடத்து. கொசுவுக்கும் துப்புரவுக்கும் வேலை செய்கிறவர்களை நிரந்தரமாக்கு. பூட்ஸ், கையுறை, முகமூடி கொடு. சோதனையைக் குடிசையில் தொடங்காதே. சர்க்கார் கட்டடத்து மொட்டை மாடியில், பள்ளிக்கூடத் தொட்டியில், கட்டுமான இடத்துப் பள்ளத்தில், தொழிற்பேட்டையில், டயர்க் கடையில் தொடங்கு. அதை முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வா. டிரம்மை நாங்களே திறந்து காட்டுகிறோம். சாக்கடை என்றைக்குத் தூர் வாரினார்கள், யார் வாரினார்கள், அடுத்த முறை என்றைக்கு என்று ரேஷன் கடைச் சுவரில் பெயின்டால் எழுது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனீர்கள் அல்லவா? இப்போது உங்கள் சுவரில் எழுதுங்கள், நாங்கள் வந்து படிக்கிறோம்.

தேர்தல் வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏரிக்கரையில் கிளம்பிக் கடலூர் ரோடு வரைக்கும் வாய்க்காலையும் சாக்கடையையும் கூட்டாக நடந்து பார்ப்போம். மில் தோழர்கள் இரவு ஷிப்டு முடிந்து வந்தாலும் ஒரு மணி நேரம் கூட வரலாம். பெண்கள் அவசியம் வர வேண்டும். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். எந்த இடத்தில் அடைப்பு, எந்த இடத்தில் கட்டாமல் விட்ட பாதி, எந்தத் தெருவில் குழாய் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு நிற்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவரை வைத்து நோட்டில் எழுதுவோம். போகிற வழியில் நம் வீட்டுக் கொல்லை டயர்களையும் கவிழ்த்துவிடுவோம். திங்கட்கிழமை அந்தப் பட்டியலை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு கொம்யூன் ஆபீசுக்குப் போய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதி போட்டு முத்திரை வாங்கிக்கொண்டு வருவோம். முத்திரை இல்லாமல் யாரும் திரும்பி வர வேண்டாம்.